கூற்றுரிமையும் ஆணவக் கொலையும்: இமையத்தின் ‘பெத்தவன்’ கதையில் உலகளாவிய சிக்கலும் படைப்பாளியின் தேர்வும்

ஆய்வுச் சுருக்கம்

சிறுகதையை உலகளாவிய சிக்கல் ஒன்றின் வழியாகவும் படைப்பாளி மேற்கொண்ட தேர்வுகளின் வழியாகவும் ஒருசேர வாசிக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. இமையத்தின் ‘பெத்தவன்’ (2012) ஆய்வுக் களமாகக் கொள்ளப்படுகிறது. அக்கதை வெளிவந்த இரண்டு மாதங்களில் தருமபுரி மாவட்டத்தில் நிகழ்ந்த சாதி வன்முறை, கதையை வாசிக்கும் முறையையே மாற்றிவிட்டது. அந்த மாற்றத்தால் மறைந்துபோன ஒரு தேர்வை, அதாவது யாருக்குப் பேச்சு வழங்கப்படுகிறது என்பதை, தொல்காப்பியச் செய்யுளியலின் கூற்று பற்றிய கொள்கையைத் துணைக்கொண்டு இக்கட்டுரை மீட்டெடுக்க முயல்கிறது.

திறவுச் சொற்கள்: இமையம், பெத்தவன், கூற்று, உடன்போக்கு, அலர், ஆணவக் கொலை, தருமபுரி

முன்னுரை

இமையத்தின் ‘பெத்தவன்’ 2012 செப்டம்பரில் உயிர்மை இதழில் வெளிவந்த நெடிய சிறுகதை. பின்னர்ப் பாரதி புத்தகாலயத்தின் வழிச் சிறுநூலாகி, தமிழ்ச் சிறுகதைக்கு அரிதான அளவில் பெருவாசகரைச் சென்றடைந்தது. கீதா சுப்ரமணியனின் ஆங்கில மொழிபெயர்ப்பை 2015இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. கதை இதழில் வந்த இரண்டு மாதங்களில், 2012 நவம்பர் 7ஆம் நாள், தருமபுரி மாவட்டம் நாயக்கன்கொட்டாய்ப் பகுதியில் ஒரு தந்தை தற்கொலை செய்துகொண்டார். அவருடைய மகள் பட்டியல் சாதி இளைஞர் ஒருவரை மணந்திருந்தார். அன்று மாலையே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய குடியிருப்புகள் தாக்கப்பட்டன. 200க்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டும் சூறையாடப்பட்டும் சிதைந்தன. 2013 ஜூலையில் அவ்விளைஞரின் உடல் தருமபுரியில் தொடர்வண்டிப் பாதையோரம் கண்டெடுக்கப்பட்டது. அம்மரணத்தை ஆராய அரசு விசாரணை ஆணையம் அமைத்தது.

இந்த நிகழ்ச்சிகளுக்குப் பின் ‘பெத்தவன்’ இரு வகையாக வாசிக்கப்படலாயிற்று. அதனைத் தருமபுரி நிகழ்வின் பதிவாகக் கொள்வது ஒரு வகை. இது காலமுறைப்படியே பிழை. செப்டம்பரில் அச்சான கதை நவம்பரின் பதிவாக இருக்க இயலாது. அதனைத் தீர்க்கதரிசனமாகக் கொள்வது மற்றொரு வகை. இது பாராட்டுப்போலத் தோன்றினும் கதைக்கு நன்மை செய்வதில்லை. விருத்தாசலம் வட்டாரத்தில் புதுக்கூரைப்பேட்டையில் 2003இல் காதல் மணம் புரிந்த இணையர் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டனர். குற்றவாளிகளுக்குக் கடலூர் நீதிமன்றம் தண்டனை வழங்க 2021 வரை ஆயிற்று. இமையம் வாழ்ந்து எழுதும் நிலப்பரப்பு அது. அங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததை எழுதிய ஒருவரை வருவதுரைத்தவர் ஆக்குவது, நடந்ததைக் காணாதிருந்த நம் கண்ணுக்கு நாமே அளிக்கும் சமாதானமாகும். இரு வாசிப்புகளும் கதையை நிகழ்வின் நிழலாக்கிவிடுகின்றன; ஆசிரியர் எதனைத் தேர்ந்தார் என்ற வினா எழுவதேயில்லை.

‘உலகளாவிய சிக்கல்’ என்னும் கருவி

இன்டர்நேஷனல் பாக்கலாரியேட் கல்வித்திட்டத்தின் மொழிப்பாடத்தில் வாய்மொழித் தேர்வொன்று உண்டு. மாணவர் தாம் தேர்ந்த ஓர் உலகளாவிய சிக்கல், படைப்புகளின் உள்ளடக்கத்திலும் வடிவத்திலும் எவ்வாறு வெளிப்படுகிறது என்பதை விளக்கவேண்டும். அங்குச் சிக்கல் என்பதற்கு மூன்று இயல்புகள் வேண்டப்படுகின்றன: அது பரந்த அளவில் பொருட்படுத்தத்தக்கதாக இருத்தல், நாட்டெல்லை கடந்ததாக இருத்தல், அன்றாட வட்டார வாழ்வில் அதன் விளைவு உணரப்படுதல். மேனிலைப் பள்ளி மாணவர்க்கென வகுக்கப்பட்ட இக்கருவி, நம் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளில் பெருகிவரும் ‘சிறுகதைகளில் சமுதாயச் சிக்கல்கள்’ வகை ஆய்வேடுகளுக்கு ஒரு திருத்தமாகப் பயன்படும். அவ்வேடுகளில் சிக்கல் முதலில் வரையறுக்கப்படும். பின் கதைகளிலிருந்து சான்றுகள் திரட்டப்படும். செய்தித்தாளிலிருந்தும் அதே சான்றுகளைத் திரட்டலாம் என்பதே அம்முறையின் குறை. ‘வடிவத்தில் எவ்வாறு’ என்ற வினா அக்குறையை ஓரளவு நீக்குகிறது.

ஆயினும் இக்கருவிக்கும் ஓர் இடர் உண்டு. எல்லை கடந்ததாகக் காட்டும் ஆர்வத்தில் சிக்கலை மிகப் பொதுவாக வரையறுத்துவிட நேர்கிறது. ஐக்கிய நாடுகளின் மக்கள்தொகை நிதியம் 2000ஆம் ஆண்டு அறிக்கையில், உலகில் ஆண்டுதோறும் 5,000 வரையிலான பெண்கள் ‘மானத்தின்’ பெயரால் கொல்லப்படுவதாக மதிப்பிட்டது. அவ்வாண்டிலேயே ஐ.நா. பொதுச்சபை இக்குற்றங்களுக்கு எதிரான தீர்மானத்தை நிறைவேற்றியது. இவ்வகை ஆவணங்களில் குற்றம் பெரும்பாலும் குடும்பத்திற்குள் நிகழ்வதாக, பெண்ணுடல் மீதான கட்டுப்பாடாக அமைகிறது. தமிழகத்தில் நிகழ்வதோ சாதி சார்ந்தது. இங்கு ஆணும் கொல்லப்படுகிறான், பல வேளைகளில் அவனே முதலில் கொல்லப்படுகிறான். குடும்பத்தின் கையைப் பிடித்து ஊர் அக்கொலையைச் செய்விக்கிறது. ஆதலின் ‘பெத்தவன்’ கதைக்கு ‘ஆணவக் கொலை’ எனச் சிக்கலைக் குறிப்பது போதாது. ‘ஒரு சமூகம் தன் எல்லையைக் காக்கத் தந்தைமையைக் கருவியாக்குதல்’ எனக் குறித்தால், அது எல்லை கடந்ததாகவும் இருக்கும். கதையின் நரம்பையும் தொடும்.

இங்கே தமிழ்ச்சொல் வழக்கு ஒன்றையும் நோக்கவேண்டும். ‘கௌரவக் கொலை’ என முன்னர் மொழிபெயர்க்கப்பட்டது இன்று ‘ஆணவக் கொலை’ என வழங்குகிறது. முன்னது கொலைசெய்பவரின் தன்விளக்கத்தை ஏற்றுக்கொண்ட சொல். பின்னது அதனை மறுக்கும் சொல். சைவ சித்தாந்தத்தில் உயிரைப் பிணித்த மும்மலங்களுள் முதலாவது ஆணவம் என்பதை அறிந்த மொழிச் சமூகத்தில் இச்சொல்லின் எடை இன்னும் கூடுகிறது. உலகக் கருத்தாக்கம் ஒன்று வட்டாரத்திற்குள் வந்தபோது அதன் பெயரையே வட்டாரம் திருத்திக்கொண்டது.

கூற்றுக்குரியோரும் கூற்றிலோரும்

கதையின் புறவடிவம் எளியது. பழனியின் மகள் பாக்கியம் தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த பெரியசாமி என்பவனை விரும்புகிறாள். அவன் காவல்துறையில் உதவி ஆய்வாளர். ஊர் கூடி மகளைக் கொன்றுவிடுமாறு பழனிக்குக் கட்டளையிடுகிறது. பழனி உடன்படுகிறான். இரவில் மகளை அவள் விரும்பியவனிடம் அனுப்பிவைத்துவிட்டுத் தான் உயிர்விடுகிறான். இக்கதையைச் செய்தியாகச் சொன்னால் நான்கு வரிகள் போதும். இமையம் இதனைப் பெரும்பகுதி உரையாடலாகவே எழுதினார். நடுநாட்டுப் பேச்சு வழக்கில், ஆசிரியரின் விளக்கம் குறுக்கிடாத வகையில் எழுதினார்.

‘உரையாடல் மிகுதி இமையத்தின் பொது நடை’ என்று கூறி இதனைக் கடந்துவிடுவது எளிது. ஆனால் எவருடைய உரையாடல் என்பது வேறு வினா. தொல்காப்பியச் செய்யுளியல் இதற்கு எதிர்பாராத ஒளியைத் தருகிறது. அகப்பாட்டில் களவுக்கும் கற்புக்கும் உரிய கூற்று மாந்தரை வகுத்துரைக்கும் அவ்வியல், எவர்க்குக் கூற்று இல்லை என்பதையும் வெளிப்படையாகச் சொல்கிறது. ஊரார், அயலார், சேரியோர், நோயின் நிலையறிவோர், தந்தை, தமையன் ஆகியோர் சொன்னதாகப் பிறர் எடுத்துமொழியலாம். அவர்கள் தாமே பேசுதல் அகமரபில் இல்லை. காதலின் முறையீட்டை, அச்சத்தை, பிரிவை, துணிவைப் பேசத் தலைவி உண்டு, தோழி உண்டு, செவிலி உண்டு; தடுக்கும் ஆற்றலுடையோர் யாவரும் பாட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கின்றனர். அவர்களுடைய பேச்சு அலர் என்ற பெயரில், பிறர் வாய்வழி வடிகட்டப்பட்டே உள்ளே வருகிறது. அந்த அலரும்கூட வரைவை விரைவுபடுத்தும் துணைக்கருவியாகவே பெரும்பாலும் பயன்படுகிறது.

‘பெத்தவன்’ கதையில் ஊரும் தந்தையும் பேசுகின்றனர். அகமரபு வாய்மூடி வைத்த இரு தரப்புக்கும் கதையின் பேரளவான பேச்சு வழங்கப்பட்டிருக்கிறது. ஊரின் பகுதிகளில், யார் பேசுகிறார் என்பதைவிட என்ன பேசப்படுகிறது என்பதே முன்னிற்கிறது. ஒரு குரல் ஏசுகிறது, மற்றொன்று அறிவுரைக்கிறது, வேறொன்று நாட்டாண்மைத் தொனியில் நாள் குறிக்கிறது. அலர் இங்கு ஆணையாக மாறிவிட்டது. சங்கப்பாட்டில் வேலிக்கு அப்பால் முணுமுணுத்த ஊர், இக்கதையில் ஒருவன் வீட்டுக்குள் நுழைந்து அவன் மகளின் உயிரைக் கேட்கிறது. இவ்வரலாற்று மாற்றத்தைக் கட்டுரையாளர் ஒருவர் பத்துப் பக்கங்களில் விளக்கலாம். இமையம் பேச்சின் பங்கீட்டிலேயே அதனைச் செய்துவிடுகிறார்.

உடன்போக்குத் துறையை இதனோடு ஒட்டிக் காணுதல் தகும். தலைவி தலைவனோடு போய்விட்டதைத் தாயர் அறிவது பெரும்பாலும் அவள் போன பின்னரே. ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய பாலைப் பகுதியில் மகளைப் போக்கிய தாய் இரங்குவதாகவே ஒரு பத்து அமைந்துள்ளது. மகளைத் தேடிச் செல்லும் செவிலிக்கு வழியில் எதிர்ப்படும் அறவோர், மலையில் பிறந்த சந்தனமும் கடலில் பிறந்த முத்தும் பிறந்த இடத்திற்குப் பயன்படுவதில்லை என்று தேற்றுவதைப் பாலைக்கலி காட்டும். தலைவியை வழியனுப்புபவள் தோழி. இக்கதையிலோ பிள்ளையை வழியனுப்பும் தோழியின் செயலைத் தந்தை ஏற்றுக்கொள்கிறான். போன பின் இரங்கும் தாயின் துயரை, அவள் போகும் முன்பே அவளெதிரில் அனுபவிக்கிறான். அறவோரின் தெளிவையும் அவனே தனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பழங்கவிதையில் மூவர்க்குப் பகிர்ந்தளிக்கப்பட்ட பொறுப்பு ஒருவன் மேல் ஏறி அவனை அழுத்துகிறது. இமையம் தொல்காப்பியத்தைக் கருதி எழுதினார் என்று இங்கு வாதிடப்படவில்லை. அவ்வாறு நிறுவ வேண்டிய தேவையும் இல்லை. மரபின் பங்கீடு தெரிந்திருந்தால் இக்கதையின் பங்கீடு எத்துணைப் புதியது என்பது தெரியும்.

தலைப்பும் இதே திசையில் இயங்குகிறது. பெறுதல் என்னும் வினை அன்றாடப் பேச்சில் தாயையே முதலில் நினைவூட்டும். அதனை ஆண்பால் விகுதியோடு, அதுவும் ‘பெற்றவன்’ என்ற எழுத்து வடிவில் அன்றிப் ‘பெத்தவன்’ என்ற பேச்சு வடிவில் வைத்தமையால், ஊரார் அவனை விளிக்கும் குரலும் அவன் தன்னை உணரும் குரலும் ஒரே சொல்லில் கலந்துவிடுகின்றன. ‘பெத்தவன் நீயே முடித்துவிடு’ என்னும் தருக்கத்தை ஊர் எந்த உறவிலிருந்து வருவிக்கிறதோ, அதே உறவிலிருந்துதான் பழனி மறுப்பையும் வருவிக்கிறான்.

ஓர் இரவும் ஒரு மருந்தும்

காலத்தின் தேர்வு பற்றிச் சுருக்கமாகக் கூறினால் போதும். தீர்ப்புக்கும் விடியலுக்கும் இடைப்பட்ட ஓர் இரவைக் கதை எல்லையாகக் கொள்கிறது. காதல் மலர்ந்த கதையோ முன்பு நடந்த அடிதடிகளோ நிகழ்காலக் காட்சிகளாக விரிவதில்லை, பேச்சினூடே தெரியவருகின்றன. அதனால் வாசகர் காதலின் நியாயத்தை எடைபோடும் இடத்தில் அமர்த்தப்படுவதில்லை.

பூச்சிமருந்து பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். மகளுக்கென வந்த நஞ்சு தந்தைக்கு ஆகிறது. மானாவாரி நிலங்களில் உழுவோர் வீட்டில் பூச்சிமருந்து மண்வெட்டியைப் போல அன்றாடப் பொருள். கொலைக்கருவி எனத் தனியே ஒன்றைத் தேட வேண்டுவதில்லை. உலகில் நிகழும் தற்கொலைகளில் ஏறத்தாழ 20 விழுக்காடு பூச்சிக்கொல்லி நஞ்சால் நிகழ்வன என உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவற்றுள் பெரும்பாலானவை குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளின் வேளாண் பகுதிகளைச் சேர்ந்தவை. சாதிச் சிக்கலை மட்டும் தேடிச் செல்லும் வாசிப்பு இந்த மருந்தைக் கதைநிகழ்ச்சியின் உறுப்பாக மட்டும் கண்டு நகர்ந்துவிடும். பயிரைக் காக்க வாங்குவது குலத்தைக் காக்கவும் போதுமென ஊர் கருதும் நிலையைச் சுட்ட ஆசிரியருக்கு வேறு உவமை எதுவும் தேவைப்படவில்லை.

பெரியசாமியின் பணியும் தற்செயலானதன்று. சட்டத்தை நடைமுறைப்படுத்தும் துறையில் இருப்பவனுக்கே அவ்வூரில் பெண்கேட்க வழியில்லை. 2011இல் உச்ச நீதிமன்றம் கட்டப் பஞ்சாயத்துகளைச் சட்டவிரோதமெனக் கண்டித்தது. அது தமிழகத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் வழங்கிய தீர்ப்பு. வயதுவந்த இருவர் மணம்புரியக் குடும்பத்தின் அல்லது சமூகத்தின் இசைவு தேவையில்லை என 2018 மார்ச் 27இல் மீண்டும் வலியுறுத்தியது. இவ்விரு தீர்ப்புகளுக்கும் நடுவே வெளிவந்த கதையில் அரசின் சீருடை ஊரின் எல்லையில் நின்றுவிடுகிறது.

இன்னொரு தந்தை

‘எல்லை கடந்தது’ என்ற இயல்பை எண்ணிக்கைகளால் அன்றி மற்றொரு சிறுகதையால் சோதிப்பதே இலக்கிய ஆய்வுக்கு ஏற்றது. பிரெஞ்சு எழுத்தாளர் புரோஸ்பர் மெரிமே 1829இல் வெளியிட்ட ‘மத்தேயோ ஃபால்கோனே’ கார்சிகாத் தீவில் நிகழ்வது. படைவீரர் துரத்தி வந்த ஒருவன் மத்தேயோவின் வீட்டில் அடைக்கலம் புகுகிறான். பத்து வயதுச் சிறுவன் ஃபொர்த்துனாத்தோ முதலில் அவனை ஒளித்துவைத்து, பின்னர் ஒரு வெள்ளிக் கடிகாரத்திற்கு ஆசைப்பட்டுக் காட்டிக்கொடுத்துவிடுகிறான். வீடு திரும்பிய தந்தை தன் ஒரே மகனை வெளியே அழைத்துச் சென்று, இறைவேண்டல் சொல்லச் செய்து, சுட்டுக்கொல்கிறான். எடுத்துரைப்பாளர் இறுதிவரை மத்தேயோவின் மனத்திற்குள் செல்வதில்லை.

இரு கதைகளும் மானம், தந்தை, பிள்ளை என்ற ஒரே முக்கோணத்தில் நிற்பவை. தந்தையர் எடுக்கும் முடிவு நேரெதிரானது. ஆயினும் முடிவுகளை ஒப்பிடுவதைவிட ஆணை எங்கிருந்து வருகிறது என்பதை ஒப்பிடுவதே பயனுடையது. மத்தேயோவுக்கு எவரும் ஆணையிடவில்லை. பிடிபட்டவன் வாசலில் துரோகியின் வீடென இகழ்ந்தான், வீரர்கள் போய்விட்டனர். எஞ்சியது அவனும் அவன் உள்வாங்கிய அறமும் மட்டுமே. அதனால் மெரிமேயின் கதையில் பேச்சு குறைவு; மௌனமே கொலையை நோக்கி நடக்கிறது. பழனியின் மானமோ ஊரிடம் அடகுவைக்கப்பட்டது. ஊர் வாயடைத்தால் அது இல்லாமற்போகும். ஆகவே ஊர் ஓயாது பேசவேண்டியிருக்கிறது. கார்சிகாக் கதையின் சிக்கனமும் நடுநாட்டுக் கதையின் பேச்சுப் பெருக்கும் நடைவேறுபாடுகள் மட்டுமல்ல. மானம் என்பது அவ்விரு சமூகங்களிலும் எவ்விடத்தில் குடியிருக்கிறது என்பதன் வேறுபாடுகள். உலகளாவிய சிக்கல் ஒன்றே எனத் தொடங்கிய வாசிப்பு, ஆசிரியத் தேர்வுகளின் வழியே சென்றபின் இரண்டு சிக்கல்களைக் கண்டடைகிறது.

கதை நின்ற இடமும் தருமபுரியும்

பழனியின் மரணம் கதையில் மகளுக்கான விடுதலையாகிறது. தான் இறந்தால் ஊருக்குக் கொடுத்த வாக்கும் முறியாது, மகளும் பிழைப்பாள் என்பது அவன் கணக்கு. அதன்பின் ஊர் என்ன செய்யும் என்பதைக் கதை பின்தொடர்வதில்லை. 2012 நவம்பரில் நாயக்கன்கொட்டாயில் ஒரு தந்தையின் மரணம் முற்றிலும் எதிரான பொருளைப் பெற்றது. அது குடியிருப்புகளைத் தாக்குவதற்கான காரணமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலிருக்கும் நிகழ்வு, கதையில் வன்முறையை முடித்துவைக்கிறது. மாவட்டத்தில் வன்முறையைத் தொடங்கிவைத்தது. கதையை நிகழ்வின் முன்னறிவிப்பாகக் கொள்வோர் இந்த முரணைக் காணத் தவறுகின்றனர். தியாகம் ஊரின் மனத்தை மாற்றும் என்று கதை எங்கும் கூறவில்லை என்பது உண்மையே. ஆனால் கதையின் உருக்கத்தில் கரைந்த வாசகர் அவ்வாறு நம்பிக்கொண்டு நூலை மூடுவதற்கு அதன் முடிவு இடமளிக்கிறது. இது கதையின் வலிமைக்குள்ளேயே உறைந்திருக்கும் வரம்பு.

தந்தைக்குக் கூற்றளித்தமையின் விலையையும் சொல்லவேண்டும். ஆதிக்க சாதித் தந்தையின் துயரம் கதையின் மையமாகும்போது, கொல்லப்படக் காத்திருக்கும் பெண் அனுப்பப்படுபவளாகவும் அவள் விரும்பியவன் சென்றுசேரும் இடமாகவும் குறுகிவிடுகின்றனர். பாக்கியம் பேசாதவள் அல்லள். ஆயினும் அவள் உயிரைப் பற்றிய இறுதித் தீர்மானம் அவளுடையதன்று. ஊர் கொல்லச் சொல்கிறது, தந்தை வாழச் சொல்கிறான். பெண்ணிய வாசிப்பு இங்கு எழுப்பும் வினா நியாயமானது. அதனைக் கதையின் குறை என ஒதுக்குவதைவிடத் தேர்வின் விளைவு என விளக்குவது பொருந்தும்.

பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ (2013) மறுபுறத்திலிருந்து தொடங்குகிறது. தருமபுரியில் உயிரிழந்த இளைஞருக்கே அந்நாவல் காணிக்கையாக்கப்பட்டுள்ளது. அனிருத்தன் வாசுதேவனின் மொழிபெயர்ப்பு வழி 2023இல் பன்னாட்டு புக்கர் பரிசின் நெடும்பட்டியலிலும் இடம்பெற்றது. சாதி மறுத்து மணந்து கணவனின் ஊருக்கு வரும் சரோஜாவின் அனுபவமே அதில் பெரும்பகுதி. ஊரின் பேச்சு அங்கும் ஓயாது ஒலிக்கிறது. ஆனால் அது சரோஜாவின் செவிவழி, பாதி புரிந்தும் பாதி புரியாமலும் வந்துசேர்கிறது. ஊர்க்கூற்று மீண்டும் அலராகிறது எனலாம். இம்முறை அது வரைவை விரைவுபடுத்தும் அலரன்று. சரோஜாவின் சாதி எதுவென நாவல் எங்கும் பெயரிடுவதில்லை. தொலைநாட்டு வாசகருக்கு இம்மௌனம் கதையை எளிதில் உலகப் பொதுவாக்குகிறது. தருமபுரியிலோ சேலத்திலோ நாமக்கல்லிலோ இதனை வாசிப்பவர், அவ்வெற்றிடத்தை நிரப்பத் தம் மனம் எந்தப் பெயரை எடுத்து வருகிறது என்பதைக் காண நேர்கிறது. ஒரே தேர்வு இரு வாசகர் கூட்டங்களிடம் இரு வேறு பணிகளைச் செய்கிறது.

தருமபுரி மாவட்டக் கல்லூரி வகுப்பறை ஒன்றில் ‘பெத்தவன்’ பாடமாக நடத்தப்படும்போது, பழனியின் தெருவிலிருந்து வந்த மாணவரும் பெரியசாமியின் குடியிருப்பிலிருந்து வந்த மாணவரும் ஒரே பலகையில் அமர்ந்திருக்கக் கூடும். ‘சிக்கல் யாது’ எனக் கேட்டால் இருவரும் தேர்வுக்குரிய ஒரே விடையை எழுதுவர். ‘இக்கதையில் யார் பேசுகிறார், யார் சொன்னதாகப் பிறர் பேசுகிறார், யாருடைய சொல் எவ்வழியிலும் வந்துசேரவில்லை’ எனக் கேட்டால் விடைகள் பிரியும். கதையின் களம் ஆதிக்க சாதித் தெருவும் பழனியின் வீடும் ஆதலின், பெரியசாமியின் குடியிருப்பு அன்றிரவு என்ன பேசிக்கொண்டிருந்தது என்பதற்குக் கதையில் இடம் அமையவில்லை. செய்யுளியல் கூற்றுரிமை மறுத்தோர் பட்டியலில் ஊரும் தந்தையும் இருப்பதுபோலச் சேரியோரும் இருக்கின்றனர். அச்சொல்லின் பழம்பொருள் வேறு. இருப்பினும் ‘பெத்தவன்’ முதலிருவர்க்கும் பேச்சளித்த பின்னரும் மூன்றாமவர் எடுத்துமொழியப்படும் நிலையிலேயே நிற்கின்றனர்.